அத்தை போட மாட்டா

ஏழாம் நம்பர் தையல் மெஷினில் தோலை அழுத்திப் பிடிக்கும் பாதம் மறுபடியும் ஆடியது. லுவா ஷூவின் மேல்தோலை இடது கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு தைத்தாள். அப்படியும் தையல் ஓரத்தை விட்டுக் கோணிக்கொண்டு ஓடியது.

"மெக்கானிக்கிட்ட சொன்னியா இல்லையா?" என்றாள் பக்கத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்த சுவான்.

"மூணு தடவை சொல்லியாச்சு. 'அண்ணே, தங்கச்சி மெஷினைக் கொஞ்சம் பாருங்க'ன்னு கெஞ்சாத குறை."

"அண்ணனா? அவனுக்கு மீசையே இப்பத்தான் எட்டிப் பாக்குது. உனக்கு நாப்பத்தாறு வயசுடி! எடு, ஒரு கரும்புச் சாறு."

வியட்நாமின் பியென் ஹோவாவில் யாரும் அவ்வளவாக 'நான்' என்று சொல்லிக்கொள்வதில்லை. எதிரில் நிற்கிறவர் வயதைப் பார்த்து தன்னைத் தங்கச்சி என்றோ, அக்கா என்றோ, அத்தை என்றோ சொல்லிக்கொள்வார்கள். லுவாவோ காவலாளி முதல் கேன்டீன் பையன் வரை எல்லோருக்கும் தங்கச்சிதான். அதற்காகவே சுவான் பந்தயம் கட்டியிருந்தாள். சின்னவர்களிடம் தங்கச்சி என்றால் ஒரு டம்ளர் கரும்புச் சாறு. நாலே நாளில் ஒன்பது டம்ளர் குடித்துவிட்டாள் படுபாவி.

மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது வரிசை மேற்பார்வையாளன் வின், கையில் ஒரு ஃபைலும் காகிதமுமாக மெஷின் அருகே நின்றிருந்தான். இருபத்துநாலு வயது. நல்ல பையன்தான், மேலே இருப்பவர்களைக் கண்டால் மட்டும் நடுங்குவான்.

"நாப்பது ஜோடி கோணல். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

லுவா ஏற்கெனவே இரண்டு தவறுச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மூன்றாவது விழுந்தால் மாதக் கடைசியில் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அந்த இரண்டும்கூட இதே மெஷின் செய்த வேலை. 'தங்கச்சி தப்புதான்' என்று சொல்லிச் சொல்லியே போட்டுக் கொடுத்திருந்தாள்.

பேனாவை வாங்கினாள். "தங்க..." என்று ஆரம்பித்தவள், சுவான் பத்து விரலையும் விரித்துக் காட்டுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அத்தை போட மாட்டா" என்றாள்.

வரிசையே திரும்பிப் பார்த்தது. அக்காவைக்கூடத் தாண்டி நேரே அத்தையாகிவிட்டாளே! சொல்லி முடித்ததும் அவளுக்கே முதுகு தானாக நிமிர்ந்தது, நன்றாகவும் இருந்தது.

வின் முழித்தான். "அத்தை... பேர் இல்லாம சீட்டு மேல போகாதே. கட்டத்துல யாராவது இருக்கணும்." சுவான் பக்கம் திரும்பினான். "நூல் வெட்டி நீங்க பாத்துத்தானே அனுப்பினீங்க?"

சுவான் கத்தரியைக் கீழே வைத்தாள். "இல்ல அண்ணே... தங்கச்சி கவனிக்கல..."

"ஏய்! எடு கரும்புச் சாறு!" என்று கத்தினாள் லுவா. வரிசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஐம்பது வயது சுவான் முகத்தை மூடிக்கொண்டாள்.

லுவா சீட்டை மேஜைமேல் விரித்தாள். தொழிலாளி பெயர், எண், கையெழுத்து என்று மூன்றே கட்டம். மெஷினுக்கென்று கட்டம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மெஷின்' என்றும், எண்ணுக்கு ஏழு என்றும் எழுதினாள். பிறகு கையெழுத்துக் கட்டத்தை ஊசிக்கு நேரே வைத்து மிதியை அமுக்கினாள். கட்டத்தில் தொடங்கிய சிவப்பு நூல் கோணிக்கொண்டு போய்க் காகிதத்தின் ஓரத்தில் நின்றது.

"இந்தா தம்பி, அதுவே போட்டிடுச்சு."

வின்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சீட்டை வைக்க ஃபைலைத் திறந்தான். உள்ளே பழைய சீட்டுகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் லுவாவின் கையெழுத்து, கட்டத்துக்குள் அடங்கி, கொஞ்சமும் கோணாமல் நேராக இருந்தது.