நேற்றே வைத்த இத்தாலிய மீன்

1

இந்தக் கதை பசியில் பிறந்தது. மணிமங்கலம் ஏரிக்கரையில் மெர்சி குடும்பம் நடத்தும் இத்தாலிய மீன் கடையில் முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் வந்தது, சாப்பாடு வரவில்லை. கடுப்பில் மெனு அட்டையின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நீலப் பளிங்காய் விரிந்த ஏரியின் மேல் மாலைச் சூரியன்...

[அடச்சே. மணி ஒன்று. ஏரியில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம்.]

2

தண்ணீர் வைத்த பிரசன்னா, மெர்சியின் கணவர், சொன்னது இது. ஒரகடத்தில் இத்தாலி இன்ஜினியர்கள் தங்கிய விடுதியில் மெர்சி நான்கு வருஷம் சமைத்தாள். அப்புறம் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்று வேலை பார்த்தாள். அதையும் விட்டுவிட்டுத்தான் இந்தக் கடை. இன்று ஓர் இத்தாலிய மேலாளர் ருசி பார்க்க வருகிறார். பிடித்தால் வாராவாரம் அவருடைய ஆட்கள் பன்னிரண்டு பேருக்கு இங்கேதான் சாப்பாடு. பிடிக்காவிட்டால் கடைக்குப் பூட்டு, திங்கட்கிழமை மெர்சிக்கு மறுபடி கம்பெனியில் முதல் ஷிப்ட்.

நல்ல கதைதான். ஆனால் என் சாப்பாடு எங்கே?

3

தகரத் தடுப்புக்குப் பின்னால் மெர்சியின் குரல்.

"அத்தே, ஐஸ்ல வெச்ச மீன் எங்க?"

"நேத்தே செஞ்சிட்டேன்." இது மாமியார் சொர்ணம்மாள். "மீனுன்னா ஒரு நாள் ஊறணும். அப்பதான் ருசி."

"ஐயோ, இது கொழம்பு இல்ல அத்தே! எறக்கின சூட்டோட தரணும். அந்தாளுக்குப் பழசு ஆவாது!"

"தக்காளி, பூண்டு, அந்த ஆலிவ் எண்ண, எல்லாம் நீ போடற மாதிரியேதான் போட்டேன். புளி ஒரு சொட்டு ஊத்தல, சத்தியமா! நீ அலுத்துப்போயி கெடந்த, ஒத்தாசையா இருக்கட்டும்னு செஞ்சேன். இன்னா தப்பு?"

"மிச்ச மீனு?"

"மொத்தத்தையும்தான் போட்டேன்."

மெர்சி அழுகிறாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வருகிறது.*

* அட்டையில் இடம் தீர்ந்தது. இனி டிஷ்யூ பேப்பர்.

4

மேலாளர் வந்துவிட்டார். அவர் கைவீசிப் பாட்டுப் பாடி வந்ததாக எழுதினேன், உடனே கோடு போட்டு அடித்துவிட்டேன். மனிதர் சேஃப்டி ஷூவோடு வந்து கை கழுவி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

மெர்சி தட்டை வைத்தாள். நேற்றுச் சமைத்தது, மாமியார் செய்தது என்று அவரிடம் ஆங்கிலத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். பொய் சொல்லியிருக்கக் கூடாதா, பைத்தியக்காரி!

முடிவு ஒன்று: அவர் தன் அம்மாவை நினைத்துக் கண்கலங்குகிறார். [சீ, சினிமா.]

முடிவு இரண்டு: அவர் ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்து... [மனசு வரவில்லை.]

5

ஒருவழியாக எனக்கும் தட்டு வந்தது. அதே மீன்.

"நீ மொதல்ல துன்னு காட்டு சார்," என்கிறார் சொர்ணம்மாள். "அவுரு ஒன்னியதான் பாத்துகினு கீறாரு."

நிஜம்தான். ஸ்பூனைப் பிடித்தபடி மேலாளர் என்னைப் பார்க்கிறார். மெர்சியும் என்னைத்தான் பார்க்கிறாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு துண்டைப் போட்டுவிட்டேன்.

பாழாய்ப்போன மீன், உப்பும் பூண்டும் முள்வரைக்கும் இறங்கியிருக்கிறது.

இது இடது கையால் எழுதுவது, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கை தட்டில் இருக்கிறது. மேலாளர் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்க்கிறார். அவர் முகத்தை நீங்கள் பாருங்கள், மெர்சியின் திங்கட்கிழமையை நீங்களே எழுதுங்கள். எனக்கு நேரமில்லை, சொர்ணம்மாளிடம் தட்டை நீட்டுகிறேன்.

"அம்மா, இன்னும் ஒரு கரண்டி."