எட்டுச் செலவுக்கு வடை

2024 யூலை 11, வியாழக்கிழமை காலை 9.40க்கு, அளவெட்டியைச் சேர்ந்த நடராசா தமது எழுபத்து நான்காவது வயதில் காலமானார் என்ற மரண அறிவித்தல் ரிக்ரொக்கில் வெளியானது.

அந்நேரம் அவருடைய மகன் சிவதர்ஷன் காங்கேசன்துறையில் ஒரு கலியாண வீட்டில் தவில் வாசித்துக்கொண்டிருந்தான். இரண்டு மணிக்குக் கைபேசியை எடுத்துப் பார்த்தால் நாற்பத்தொரு அழைப்புகள். கனடாவிலிருந்து தங்கை தயாளினி அழுதழுது அனுப்பிய குரல்பதிவுகள் மட்டும் ஆறு. வீட்டுக்குப் போன் எடுத்தான்.

"நான் சாகேல்லைத் தம்பி," என்றார் நடராசா. "உன்ரை மகள் ஒரு பகிடி விட்டவள்."

அடுத்த நாள் ஊர்க் கோயில் தேர். பதினொரு வருடம் கேட்டு நின்று, இந்த வருடம்தான் நிருவாக சபை சிவதர்ஷனின் மேளத்தைத் தேருக்குப் பேசியிருந்தது. தகப்பன் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்க முடியாது.

சபைச் செயலாளர் முருகேசுவுக்கு எடுத்தான்.

"அறிவித்தலைப் பாத்த உடனை இணுவில் மேளத்தைப் பேசிப்போட்டன். வெத்திலை பாக்கும் குடுத்தாச்சு."

"ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாமே அண்ணை?"

"செத்தவீட்டுக்குப் போன் எடுத்து, உன்ரை கொப்பர் உண்மையாச் செத்துப்போனாரோ எண்டு கேக்கிறதோ? நல்ல கதை."

"ஆள் உயிரோடை இருக்கிறார்."

"சந்தோசம். ஆனா குடுத்த வெத்திலையைத் திருப்பி வாங்கேலாது தம்பி."

வீட்டு முற்றத்தில் அயலவர் இறக்கிவைத்த பிளாஸ்ரிக் கதிரைகள் வெயிலில் கிடந்தன. மகள் ஆரபி, பதினாறு வயது, விறாந்தையில் இருந்து கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பறித்து, அவள் போட்ட காணொளியை முழுவதும் பார்த்தான். கறுப்புக் கரை போட்ட அறிவித்தல், சோக வாத்தியம், மாலையோடு படுத்திருக்கும் நடராசா. கடைசி ஐந்து வினாடியில் கிழவர் கண் திறந்து, "எட்டுச் செலவுக்கு வடை கூடப் போடுங்கோ," என்று தன் எட்டாம் நாள் சடங்குக்குச் சொல்கிறார். ஊரில் ஒருவரும் அந்த ஐந்து வினாடிக்கு நிற்கவில்லை. அறிவித்தலை மட்டும் படமெடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"போன கிழமை ரீவியிலை இதே பகிடிக்கு நீங்களும்தானே விழுந்து விழுந்து சிரிச்சனீங்கள்," என்றாள் ஆரபி.

"அது ஆரோ ஒருத்தன்."

"தெரிஞ்ச ஆள் எண்டாத்தான் அப்பா சனம் பாக்கும். பன்னிரண்டாயிரம் பேர் பாத்திட்டினம்."

"நாளைக்குத் தேரிலை எனக்கு வாசிப்பில்லை. அதையும் போடு, சிரிப்பினம்."

நடராசாதான் சிரித்தார். நெற்றியில் காலை பூசிய திருநீறு அப்படியே இருந்தது.

"என்னடா, நான் உயிரோடை இருக்கிறது உனக்குத் துக்கமோ?"

தகப்பனிடம் சொல்லக்கூடாத ஒரு பதில் சிவதர்ஷனின் வாய்வரை வந்தது. மாலை போடக் கழுத்தை நீட்டிய மனிசன். பிள்ளைக்குப் பதினாறு வயது, இவருக்கென்ன வந்தது? கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓங்கி அடுக்கினான். ஒன்றின் கால் முறிந்தது.

"அது பக்கத்து வீட்டுக் குணலட்சுமியின்ரை கதிரை," என்றார் நடராசா.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் தேர் இழுத்தார்கள். இணுவில் மேளம் வாசித்தது. அடுத்த வருடத் தேருக்கும் சபை அவர்களையே பேசிவிட்டது.