மதியம் சாப்பிடாத மட்டாஞ்சேரிப் பெண்கள்

ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஷபானா மாடிப்படி ஏறி வந்ததே நாத்தனாரோடு சண்டை போடத்தான். மூச்சு வாங்கியது. அதற்காக வாய் நிற்கவில்லை.

“மதினி, மட்டாஞ்சேரிப் பொம்பளைங்க உச்சைக்குச் சோறு தின்ன மாட்டாங்கன்னு எழுதினது நீங்கதானா?”

நௌஷிதா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து சொல்லிக்கொடுப்பவள். திங்கட்கிழமை பதவி உயர்வுக்கு நேர்காணல். அதற்காகத் தன் ஆய்வுக் கட்டுரைகளையும், எதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதையும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரு சொன்னா?”

“இலவசமாச் சோறு போடுற நம்ம ஊர்ச் சமையல்கூடத்துக்கு ஆபீசர் வந்தாரு. அடுத்த மாசத்திலேருந்து கர்ப்பிணிகளுக்கு ஊணு கிடையாதாம், சத்து மாத்திரை மட்டும்தானாம். இங்க உள்ளவங்க எப்படியும் உச்சைக்குத் தின்ன மாட்டாங்க, ஆக்கிப் போட்டா வீணாப் போகும்னு ஆராய்ச்சி சொல்லுதாம். அதுல ரெண்டாவது பேரு உங்க பேரு. நான் அவரு முன்னாலயே ரெண்டாந்தரம் சோறு வாங்கித் தின்னுட்டிருக்கேன். அப்பவும் அந்த மனுஷன் கூசாமச் சொல்றாரு.”

நௌஷிதாவுக்குக் காது சுட்டது. எந்தக் கட்டுரை என்று கேட்கத் தேவையே இல்லை. மாணவியாக இருந்தபோது இந்தத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டவள் அவள்தான். அது நோன்பு மாதம். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் நோன்பு வைத்தவள் என்ன சொல்வாள்? காலையில் இல்லை, மதியம் இல்லை. நோன்பு முடிந்து இன்னொரு தடவை கேட்கலாம் என்று வழிகாட்டி டாக்டர் சங்கர்ராமிடம் மன்றாடிப் பார்த்தாள். அவருக்கு அவசரம். சரி, நோன்பு மாதத்தில் எடுத்த கணக்கு என்று ஒரு வரியாவது இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தாள். அச்சில் பார்த்தால் அந்த வரியைக் காணோம். இடம் போதவில்லை, அடுத்த கட்டுரையில் பார்க்கலாம் என்றார். அடுத்த கட்டுரை வரவேயில்லை.

முதல் கட்டுரைக்கோ கால் முளைத்துவிட்டது. டில்லியில் ஒருவர் மேற்கோள் காட்ட, அவரைப் பார்த்து லண்டனில் ஒருவர், அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். பகலெல்லாம் பட்டினி கிடக்கிற ஊர் எப்படி மிளகு மூட்டை தூக்குகிறது என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எண்ணிக்கை ஏற ஏற இவளும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் கோபம் இரண்டு மடங்கானது. அந்தக் கையோடு சங்கர்ராமுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“ஆங், நௌஷிதா. நானே கூப்பிடணும்னு இருந்தேன். நம்ம பேப்பர் நானூறு சைட்டேஷன் தாண்டியாச்சு, கேட்டியோ.”

“சார், அந்த நோன்பு வரியைப் போட்டுத் திருத்தம் அனுப்பணும். அதைக் காட்டி இங்க சோத்தை நிறுத்துறாங்க.”

“அது சாப்பாட்டுத் திட்டம் நடத்தறவா பண்ற தப்பு. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?”

“நாம எழுதினதை நம்பித்தானே சார் பண்றாங்க.”

“திருத்தம்னு போனா ஜர்னல்காரன் பேப்பரையே வாபஸ் வாங்குன்னுவான். உன்னோட மத்த பேப்பரெல்லாம் கூட்டினாலும் இதுல கால்வாசி தேறுமோ? திங்கக்கிழமை எதைக் காட்டுவே? கொழந்தையாட்டம் பேசாதே.”

ஷபானா போனைப் பிடுங்கினாள். “சார், உங்க பேப்பர்ல பட்டினி கிடக்குற பொம்பளை பேசுறேன். இன்னைக்கு உச்சைக்கு மத்தி வறுத்தது, பயறு தோரன், மோருகறி. நேத்து கப்பையும் மீனும். நாளைக்கும் வேணும். எழுதிக்கிறீங்களா?”

சங்கர்ராம் பட்டென்று போனை வைத்துவிட்டார்.

நௌஷிதா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். ஆய்விதழின் ஆசிரியருக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினாள். திருத்தம் போடுங்கள், இல்லையென்றால் கட்டுரையை நீக்குங்கள் என்று முடித்து, சங்கர்ராமுக்கும் ஒரு நகல் வைத்து அனுப்பினாள். பிறகு விண்ணப்பத்திலிருந்தும் அந்தக் கட்டுரையை எடுத்தாள். மிச்சமிருந்தவை எலும்பும் தோலுமாகத் தெரிந்தன. அப்படியே சேமித்து மூடினாள்.

“வா, உன் ஆபீசரைப் பார்க்கணும்.”

“இப்ப ஊணுக்குப் போயிருப்பாரு, ஆபீசுல இருக்க மாட்டாரு. அவருக்கு உச்சைக்கு நல்லாப் பசிக்கும்.”

இருவரும் முதலில் சமையல்கூடத்துக்குப் போனார்கள். சோறு போடும் பேச்சியம்மாள், தட்டோடு நின்ற நௌஷிதாவைப் பார்த்ததும் கரண்டியை அண்டாவிலேயே நிறுத்தினாள்.

“உங்களுக்கு எதுக்கும்மா சோறு? நாமதான் உச்சைக்குத் தின்ன மாட்டோமே.”

பந்தியில் இருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. நௌஷிதா தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

“போடுங்கக்கா. சாயங்காலம் வரைக்கும் அந்த ஆபீசுல சண்டை போடணும். பட்டினியோட முடியாது.”