வரது விட்ட இடம்

வாடகைக்குக் கொண்டுவந்த பிண ஐஸ் பெட்டியை நடுக்கூடத்தில் இறக்கிவிட்டு, அதன் தடித்த வயரைக் கையில் பிடித்தபடி ஐயனார் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா மா, பெரிய பிளக்கு இது ஒண்ணுதான் கீதா?"

ஒன்றுதான் இருந்தது. அதில் கம்ப்யூட்டர் மாட்டியிருந்தது. வைதேஹி தலையசைத்தாள். காலை ஆறு மணிக்குக் குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அவள் கணவர் வரது பிறகு எழுந்திருக்கவில்லை. மகள் ஜாஹ்னவி புனேயிலிருந்து வந்து சேர மறுநாள் காலையாகிவிடும். மே மாத வெயில் பத்து மணிக்கே கூடத்துக்குள் வந்துவிட்டது. அவரை இன்னும் எத்தனை நேரம் பாயில் போட்டுவைப்பது?

ஐயனார் பிளக்கில் கை வைத்தபோது, "அதைத் தொடாதீங்க" என்று ஒரு குரல் வந்தது.

வரது வேலை பார்த்த கம்பெனியின் மேனேஜர் ராமன். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து காரில் வந்து, கம்பெனி பெயர் எழுதின ரிப்பனோடு ஒரு மாலையைப் போட்டுவிட்டு, கண்ணை மூடி நின்று, திறந்தவுடன் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் பச்சை விளக்கு விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்டாண்ட் பையில இருக்கு மேடம். பிடுங்கினா உள்ளே திறந்திருக்கறதெல்லாம் போயிடும்."

எட்டு வருஷமாகப் பள்ளிக்கூட ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவளுக்குப் பாடம்.  வைதேஹி அவர் காலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றச் சொல்வார்கள் என்று தெரிந்து ஷூவை வாசலில் விட்டிருந்தார். சாக்ஸைக் கழற்ற மனம் வரவில்லை போலிருக்கிறது.

உள்ளே என்ன திறந்திருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். வரது அந்தக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. பதினைந்து நாள் முன்பு நான்காம் நம்பர் பிரஸ் மெஷினில் மாரிராஜ் என்ற சங்கரன்கோவில் பையனுக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. கை உள்ளே வந்தால் இயந்திரத்தை நிறுத்தவேண்டிய சென்சாரை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று, முன்பே துண்டித்து வைத்திருந்தார்கள். யார் சொல்லித் துண்டித்தார்கள் என்று லைனில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். வரதுவுக்கும் தெரியும். அந்த ஆள்தான் இப்போது சாக்ஸோடு அவள் கூடத்தில் நிற்கிறார்.

விபத்து அறிக்கையை எழுதச் சொல்லி வரதுவிடம் விட்டிருந்தார்கள். மூன்று நாளாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். முடிந்ததா என்று அவள் கேட்டால், இன்னும் இல்லை என்று ஸ்டாண்ட் பையில் போட்டுவிட்டுச் சாப்பிட வருவார். சேவாவது பண்ணித் தொலையுங்கோ என்றதற்கு அவர் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சேவ் பண்ணினா எழுதினதா ஆயிடுமே, வைதேஹி."

அப்படிப்பட்ட மனிதர். ஜாஹ்னவிக்கு நல்ல இடம் ஒன்று வந்தபோது சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிள்ளை வீட்டார் சலித்துப்போய் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் தானாக முடித்த ஒரே காரியம் இன்று காலை நடந்ததுதான்.

ராமன் அனுமதி கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை அசைத்தார். திரை வெளிச்சமானது. வைதேஹி அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

ஆங்கிலத்தில் இரண்டு பத்திகள். முதல் பத்தியில், தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது என்று இருந்தது. கீழே இரண்டாம் பத்தியில், சென்சார் பதினோராம் தேதி துண்டிக்கப்பட்டது, வாய்மொழி உத்தரவின் பேரில், உத்தரவிட்டவர் என்று எழுதி, பெயர் வரவேண்டிய இடத்தில் வெற்றிடம். அங்கே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. பெயர் எழுதக்கூட விரல் வரவில்லை மனுஷனுக்கு.

ராமனின் கழுத்து வியர்த்தது. தாழ்ந்த குரலில் பேசினார். வரது சார் தங்கமான மனிதர், கடைசி நாளில் ஏதோ குழம்பிவிட்டார், அவர் முடிவாக எழுதினது மேலே இருப்பதுதான், ஃபாக்டரி இன்ஸ்பெக்டருக்கு அவர் பெயரிலேயே அனுப்பினால் அவருக்கும் மரியாதை. இப்போது எதையும் சேவ் பண்ணவேண்டாம். பிளக்கைப் பிடுங்கினாலும் திறந்திருப்பது அப்படியே தங்கும்படி ஹைபர்னேட்டில் போட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனால் ஆபீசில் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

இறந்தவனைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. எவ்வளவு சௌகரியம்.

ஆனால் ஹைபர்னேட்டை அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. மெனுவைத் திறந்தால் ஸ்டாண்ட் பை, டர்ன் ஆஃப், ரீஸ்டார்ட் என்று மூன்று பொத்தான்தான் வந்தது. நான்காவதைத் தேடி இரண்டு முறை மூடித் திறந்தார். முந்நூறு பேரை மேய்க்கிற மேனேஜர். கடைசியில் கம்பெனி சிஸ்டம் ஆளைக் கேட்கிறேன் என்று செல்போனை எடுத்தார். உள்ளே சிக்னல் இல்லை. வாசலுக்குப் போனார்.

வைதேஹி நாற்காலியில் உட்கார்ந்தாள். கூடத்தில் இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். மெனுவைத் திறந்து ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தாள். ஸ்டாண்ட் பை இருந்த இடத்தில் ஹைபர்னேட் என்று மாறியது. அழுத்தினாள். திரையில் ஒரு கோடு நிதானமாக நிரம்பி முடிந்தது. திரை அணைந்தது. பச்சை விளக்கும் நின்றது.

"பிடுங்குங்கோ" என்றாள் ஐயனாரிடம்.

ராமன் ஓடிவந்தபோது பிளக் தரையில் கிடந்தது.

"என்ன மேடம் பண்ணினீங்க?"

"ஆஃப் பண்ணிட்டேன். அவரை உள்ளே வைக்கவேண்டாமா?"

அவர் அவளையும் கறுப்புத் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாம் போய்விட்டது என்று நம்பினார். அப்படி நம்புவதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. லேடீஸ் கையில் விட்டதே தப்பு என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டு போவது கேட்டது. கார் கிளம்பிய பிறகுதான் ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியது.

மறுநாள் ஜாஹ்னவி வந்தாள். பத்தரைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். மதியத்துக்குள் ஐயனாரும் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். குளித்துவிட்டு வந்த வைதேஹி பிளக்கை மாட்டினாள்.

"இப்பவாம்மா?" என்றாள் ஜாஹ்னவி.

வைதேஹி பொத்தானை அழுத்தினாள். இரண்டு பத்தியும் அவர் விட்ட இடத்திலேயே வந்து நின்றன. சேவ் செய்தாள். வெற்றிடத்தில் பெயரை அடிக்கக் கையைத் தூக்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள். அவர் எழுதாததை அவள் எழுதி அவரைப் பெரிய மனுஷனாக்க வேண்டியதில்லை. மகளின் பழைய பிரிண்டர் முனகிக்கொண்டே ஒரு தாளைத் தள்ளியது.

மாரிராஜ் மூன்று மணிக்கு வந்தான். சாவுச் செய்தி பென்னலூரில் அவன் தங்கியிருந்த அறைக்குத் தாமதமாகத்தான் போயிருந்தது. கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். ஆஸ்பத்திரியில் சார் தினமும் வந்து பார்த்ததாகவும், வந்தால் ஒன்றும் பேசாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார் என்றும் சொன்னான். இது வைதேஹிக்குத் தெரியாது. அங்கேயும் போய் வாயைத் திறக்கவில்லை.

தாளை ஒரு பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தாள்.

"சார் என்னத்தம்மா எழுதிருக்காவ?"

"பாதிதான் எழுதிருக்கார். மீதியை இன்ஸ்பெக்டர்கிட்ட நீ சொல்லு. யாராவது நம்பலைன்னா என்னைக் கூப்பிடு, கம்ப்யூட்டர் பெட்டியோட வந்து காட்டறேன்."

அவன் கவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடது கையால் சைக்கிளைப் பிடித்து, ஸ்டாண்டைக் காலால் தள்ளினான். புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர் ஒன்று தெருமுனையைக் கடந்து போகும்வரை காத்திருந்து, வாயில் கவரோடு, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போனான்.