இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரின் பொறுமைக்கு ஊரில் நல்ல பெயர். நடைபாதையில் வண்டியை ஏற்றியவர்களிடம்கூட "பரவால்ல, மூச்சு விடுங்க" என்பார். அந்தப் பொறுமையைக் காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் நுழைவார் என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அன்று மனைவிக்குக் காய்ச்சல். மூன்று வயது மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து வந்திருந்தார். வண்டியை ஓட்டியவர் குழந்தைகள் வார்டு நர்ஸ். அரைமணியில் அவருக்கு லைசென்ஸ் தேர்வு. இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. இதிலும் தவறினால், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கும் புது வேலை கைநழுவிவிடும்.

பாதி வழியில் மகளின் பிஸ்கெட் இரண்டாக உடைந்தது.

"ஒட்டிக் குடு!" என்று வீறிட்டாள்.

"உடைஞ்சத எப்படி ஒட்டுறது? வாய மூடு!" மாஸ்டர் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஸ்டீயரிங்கைத் தவறாகத் திருப்பிவிட்டார். தட்டுத் தடுமாறி வண்டியை ஓரங்கட்டினார்.

"மாஸ்டர், முதல் நாள் நடைபாதையில ஏத்தினேனே, ஏன் ஏத்தினேன்னு கேட்டீங்களா?"

"அந்த நேரத்துல கேட்டு என்ன ஆகும் சிஸ்டர்? சொல்லிக்குடுக்குறவங்களுக்குன்னு என் பக்கம் இருக்குற ரெண்டாவது பிரேக்க மெதுவா அமுக்கினேன்."

"பாப்பாவுக்கும் இப்ப எதுவும் காதுல ஏறாது. ஆத்திரத்த அடக்குற மூளையோட முன்பக்கம் முழுசா வளர இருபது வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் பிரேக் உங்க பக்கம்தான்."

"அப்ப இன்னொரு பிஸ்கெட் குடுத்துரட்டுமா?"

"நான் தப்பா ஓட்டினப்ப லைசென்ஸா குடுத்தீங்க?"

கடவுள் எஞ்சினை முதலில் பொருத்திவிட்டு, பிரேக்கை மெல்லத்தான் அனுப்புகிறார். அதுவரை சமாளிக்கத்தான் பெற்றவர்களை வைத்திருக்கிறார். மாஸ்டர் பின்சீட்டுக்குப் போனார்.

"பிஸ்கெட் உடைஞ்சுபோச்சா குட்டிம்மா? கஷ்டமாத்தான் இருக்கும்."

"ஒட்டு!"

"ஒட்ட முடியாதுடா. அப்பா இங்கயே இருக்கேன்."

இரண்டு உதை விழுந்தது. வாங்கிக்கொண்டார். அலறல் அழுகையாகி, அழுகை விசும்பலாகி, கடைசியில் ஒரு சின்னத் தலை அவர் தோளில் சாய்ந்தது. அதற்குள் பத்து நிமிடம் போயிருந்தது.

தாமதமாக வந்ததால் தேர்வு அதிகாரி நர்ஸைக் கடைசியில்தான் கூப்பிட்டார். திரும்பி வந்தவரின் முகமே முடிவைச் சொல்லிவிட்டது.

"பாஸ் மாஸ்டர்!"

மாஸ்டருக்குச் சந்தோஷம், கூடவே ஒரு கவலை. "வீட்டுக்குப் போனதும் பழையபடி கத்திருவேனோன்னு பயமா இருக்கு சிஸ்டர்."

"கத்துவீங்க," என்று சிரித்தார் நர்ஸ். "எனக்கே மூணு தடவ ஆச்சே!"