நாங்கன்னா யாரு?

பிரஸ் மெஷினில் கை சிக்காமல் காக்கும் தடுப்புக் கம்பியைக் கழற்றியது ஃபோர்மேனின் கை. கழற்றச் சொன்னது முதலாளியின் வாய். வேலை வேகமாக நடக்க வேண்டுமாம்! நேற்று அந்த மெஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவரோ ஃபோர்மேனின் சொந்தத் தங்கை புருஷன். வேலைக்குச் சேர்த்துவிட்ட புண்ணியவானும் ஃபோர்மேன்தான்.

இன்று ஆய்வு அதிகாரி வருகிறார்.

"மாப்பிள்ளையே கழட்டிட்டாருன்னு சொல்லிடுங்க," என்றார் முதலாளி, கதவைச் சாத்திக்கொண்டு. "நாம ஒரே குடும்பம். நீங்க படுத்த படுக்கையா கிடந்தப்ப உங்க இடத்துல வேற ஆளை நான் போட்டேனா?"

போடவில்லை. அதுதானே வம்பு! மனுஷன் முழுக் கெட்டவராக இருந்திருந்தால் மூஞ்சிக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள். உப்பிட்டவர் பொய் சொல்லச் சொன்னால் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லித் தொலைக்கவில்லை.

அதிகாரி மெஷினைச் சுற்றி வந்தார். திருகாணி இருந்த ஓட்டைகளைத் தடவிப் பார்த்தார்.

"தடுப்பை யார் கழட்டினது?"

"நாங்கதான் சார்."

வாய் தவறி வந்துவிட்டது. கொட்டினதை அள்ளவா முடியும்?

"நாங்கன்னா யார் யாரு?"

முதலாளி இருமினார். இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது நடுவில் நிற்கக் கொஞ்சம் குச்சி இருந்தது. தங்கை புருஷன்மேல் பழி போட மனசு வரவில்லை. முதலாளியைக் காட்டிக்கொடுக்க நாக்கு எழவில்லை.

"நான்தான் சார். நான் மட்டும்தான்."

"பாத்தீங்களா சார்," என்று உடனே பிடித்துக்கொண்டார் முதலாளி. "நாங்க எவ்வளவு சொன்னாலும் இவங்க கேக்கறதே இல்ல."

அந்த 'நாங்க'வில் ஃபோர்மேன் இல்லை. அவருக்குச் சுருக்கென்றது.

அதிகாரி போனதும் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, நீ பயப்படாதே. ஆஸ்பத்திரிக்கும் காலையில ஒரு ஆபீசர் வந்தார். உன் வேலை போயிடக்கூடாதுன்னு, தானே தடுப்பைக் கழட்டினதா இவர் சொல்லிட்டார். இடது கையால கையெழுத்தும் போட்டுட்டார்."

ஃபோர்மேன் போனை வைத்துவிட்டு மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சியா? மாப்பிள்ளை என்ன சொல்றாராம்?" என்றார் முதலாளி, நிஜமான அக்கறையோடு.

"நீங்க சொல்லச் சொன்னதைத்தான் சார் சொல்லியிருக்கார்."