கப்பல் புறப்பட்டது

தொலைபேசியை எடுத்ததும் மறுமுனையில் வணக்கம்கூட இல்லை. "போட் எங்கம்மா?" என்றது ஓர் ஆண்குரல்.

கச்சல் தீவிலிருந்து முத்துவீரன். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நேற்றுக் காலை போர்ட் பிளேரில் புறப்பட்ட புதுக் கப்பலில் அவர் மனைவி வேலாயி வருகிறாள். ராத்திரியே வந்திருக்க வேண்டிய கப்பல் விடிந்தும் வரவில்லை. "மூணு டோங்கிப் படகு தேடிப் போயிருக்கு. கடலு சரியில்ல. நானும் எறங்கப் போறேன்."

விசாலாட்சி குறுக்கிட்டாள். "அண்ணே, போட் கெளம்பவே இல்ல. இங்க ஃபீனிக்ஸ் பே ஜெட்டிலதான் கட்டிக் கெடக்கு."

"நீங்கதானே ஃபோன்ல போட்டிருக்கீங்க! எம் பொஞ்சாதி சந்தோஷமா ஏறுனான்னு எழுதியிருக்கே. மறைக்காதீங்கம்மா. சுனாமியப்பவும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க." லைன் அறுந்தது. பிறகு கிடைக்கவில்லை.

அந்தச் செய்தியை எழுதியவள் விசாலாட்சியேதான். இருபது வருஷமாக நாலு பக்கப் பத்திரிகை ஒன்றின் நிருபர். கயிறு அவிழ்ந்து கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை ஜெட்டியில் நின்று பார்த்துவிட்டுத்தான் 'புறப்பட்டது' என்று எழுதுவாள், ஒரு காலத்தில். பத்திரிகை ஃபேஸ்புக்குக்குக் குடிபோனதும் அந்த வழக்கம் கரையிலேயே நின்றுவிட்டது. தீவின் இணையம் காலை ஒன்பது மணிக்கு மேல் படுத்துவிடும். ஆகவே நாளை நடக்கப்போகிற விழாவை இன்று மாலையே எழுதி, விடிந்ததும் ஏற்றிவிடுவதென்று ஊரின் நிருபர் குலமே ஒரு நெறியைக் கண்டுபிடித்திருந்தது. ஆசிரியர் ஜெகநாதன் அதற்கு 'ரியல் டைம்' என்று பெயர் சூட்டியிருந்தார்.

நேற்று ஒரு பெரிய மனிதர் கொடியசைத்தார். கப்பல் படத்துக்காக ஒரு வட்டம் அடித்தது, இஞ்சின் முக்கியது, திரும்பி வந்து கிளம்பிய இடத்திலேயே நின்றது. அதற்குள் செய்தி நானூறு லைக்குகளோடு கச்சல் போய்ச் சேர்ந்துவிட்டது. மாற்றட்டுமா என்று கேட்டவளிடம், "நாளைக்குப் போயிரும், விடு" என்றிருந்தார் ஜெகநாதன். அவளும் விட்டுவிட்டாள். முந்தின நாள் டிக்கெட் வரிசையில் வேலாயி சொன்னது, "மொதல்ல எடுக்கட்டும், பாப்போம்" என்பது மட்டும். செய்தியிலிருந்த 'மட்டற்ற மகிழ்ச்சி' விசாலாட்சியின் கைங்கரியம்.

ஜெகநாதனின் விசிட்டிங் கார்டில் 'குரூப் எடிட்டர்' என்றிருக்கும். குரூப் என்பது அவர், அவள், ஒரு பிரிண்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையை உதறினார்.

"டெலீட் பண்ணிரும்மா. மேட்டர் கதம்."

"அழிச்சா, கப்பல் முழுகிருச்சு, அதான் அழிச்சுட்டாங்கன்னு நெனப்பாங்க சார். இன்னும் நாலு டோங்கி எறங்கும்."

"திருத்தம் போட்டா நம்ம மரியாதை என்னாவறது? ஆபீஸர் வாட்ஸப் குரூப்ல இருந்து நம்மள தூக்கிருவாரு. அரே, அப்புறம் பிரஸ் நோட்டுக்கு எங்க போறது?"

"ஜெட்டிக்குப் போவோம் சார். நடக்குற தூரம்தான்."

விசாலாட்சி படியிறங்கிவிட்டாள். போகும்போதே பழைய செய்தியை அப்படியே வைத்து அதன் தலையில் ஏற்றினாள்: 'கீழே உள்ளது தவறு. நான் பார்க்காமல் எழுதினேன். கப்பல் புறப்படவில்லை. விசாலாட்சி.' உடனே அதன் கீழே கச்சல்காரர் ஒருவரின் கேள்வி வந்து விழுந்தது: 'அப்ப எங்க ஆளுங்க எங்கே?'

வயர்லெஸ்ஸில் கச்சலுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்கள் ஜெட்டியில். ஆனால் டோங்கியில் வயர்லெஸ் ஏது? போனவர்கள் மடியில் ஃபோன்தான் இருக்கும்.

கச்சலுக்கு லைன் கிடைக்காமல் பயணிகள் நேற்றிலிருந்து அங்கேயே காத்துக் கிடந்தார்கள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த வேலாயி இவளைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "ஏம்மா, மட்டற்ற மகிழ்ச்சியா? எங்க வாயில அது நொழையுமா?"

விசாலாட்சி நடந்ததைச் சொன்னாள். வேலாயி அவள் கையைப் பற்றினாள். "அந்தாளா கடல்ல எறங்குறான்? நீஞ்சத் தெரியாதும்மா அவனுக்கு!"

விசாலாட்சி அவளை வீடியோ எடுத்து அனுப்பிப் பார்த்தாள். மூன்று சதவீதத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே கிடந்தது. எழுத்துதான் போகும். "நீங்க சொல்றத அப்படியே எழுதுறேன். ஒரு எழுத்து கூட்ட மாட்டேன், சொல்லுங்க."

வேலாயி ஃபோனைப் பார்த்துச் சொன்னாள். "முத்துவீரன் பொஞ்சாதி வேலாயி. ஜெட்டிலதான் குந்தியிருக்கேன். கடலுக்குப் போகாத. கோழிய அடைச்சு வச்சியா?"

திருத்தத்தின் கீழேயே அது ஏறிவிட்டது. பிறகு வேலாயியே மற்ற பயணிகள் பக்கம் திரும்பிக் கூவினாள்: "டிக்கெட் எடுத்த வரிசைலயே வாங்க. ஜல்தி!"

அறுபத்திரண்டு பேர். விசாலாட்சி ஒவ்வொருவர் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்து, அப்பன் பெயர் கேட்டு எழுதினாள். ஊரில் இரண்டு கணபதி இருக்கக்கூடும். நடுவில் அதிகாரியின் குரூப் அவளை நீக்கிவிட்டதாக ஃபோன் தெரிவித்தது. ஜெகநாதன் நாலு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. டோங்கிகள் திரும்பினவா என்று கச்சலிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

இருபத்தாறாவதாக வந்த பெண்ணின் தோளில் பச்சைக் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்புகிறாள்.

"இது பேரு?"

"இன்னும் வைக்கலக்கா. அவரு பாக்கவே இல்ல."

'உதயசூரியன் மகள். பெயர் வைக்கவில்லை. ஜெட்டியில் அம்மா தோளில் தூங்குகிறாள்' என்று தட்டி அனுப்பப் போனவள், விரலை நிறுத்தினாள். சுற்றிப் பின்பக்கம் போய், துணியை விலக்கிக் குனிந்து பார்த்தாள். இரண்டு கண்கள் அவளையே வெறித்தன.

'தூங்குகிறாள்' என்பதை அழித்துவிட்டு, 'விழித்திருக்கிறாள்' என்று எழுதினாள்.